குழம்பு, ரசம், மோர்: நாற்பது வயதுக்கு மேல் பசியையும் எடையையும் கட்டுக்குள் கொண்டுவருவது எப்படி

என் மாமியார் தட்டில் சோறு குவியலாக இருக்கும். காலையில் பழைய சோறு, மதியம் வயலுக்கே தூக்குவாளியில் வரும் சாப்பாடு, ராத்திரி மறுபடி சோறு. எழுபது வயது வரை அவர் உடம்பில் தொப்பை என்ற ஒன்றை நான் பார்த்ததில்லை. நாற்றுப் பறித்து, நடவு நட்டு, களை எடுத்து, கதிர்க்கட்டைத் தலையில் சுமந்து களத்துக்குக் கொண்டுவந்த உடம்பு அது. இன்று எங்கள் வலங்கைமான் பக்கத்தில் நடவுக்கும் இயந்திரம், அறுப்புக்கும் இயந்திரம். மேட்டூரில் தண்ணீர் திறந்தாச்சு என்று செய்தி வந்தால் வயலைப் பார்க்க நாங்கள் போவது பைக்கில். அந்த வேலை போய்விட்டது. அந்த வேலைக்காக வடித்த சோறு மட்டும் அதே அளவில் இன்னும் தட்டில் விழுகிறது.

எனக்கு 47 வயதில் மாதவிடாய் முறை தப்பத் தொடங்கியது. அப்போது 62 கிலோ. அடுத்த ஐந்து வருடத்தில் 74. முட்டிவலி, படியேறினால் மூச்சு வாங்குவது, ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில். இப்போது 65 கிலோ. இறங்குவதற்கு ஒன்றரை வருடம் ஆனது. இதை எழுதுவது அந்த ஒன்றரை வருடத்தில் கற்றதை, புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சொல்லத்தான். வாங்க வேண்டிய புதுப் பொருள் எதுவும் இதில் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றுபவர்கள் பத்து நாளில் பழைய இடத்துக்கே வந்துவிடுவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

தொடங்கும் முன்

தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின், நாடாவை இறுக்காமல் சுற்றி அளந்து பாருங்கள். இந்தியர்களுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. நமக்கு வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் போக்கு அதிகம் என்பதால், எடை சுமாராக இருப்பவர்களுக்கும் இந்த அளவு தாண்டியிருக்கலாம். எடைக் குறியீடும் (BMI, அதாவது கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண்) அப்படித்தான். மேல்நாட்டாருக்கு 25 வரை சரி என்பார்கள். நமக்கு 23 தாண்டினாலே அதிக எடை, 25 தாண்டினால் உடற்பருமன். 155 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு 23 என்பது சுமார் 55 கிலோ, 25 என்பது 60 கிலோ.

அப்புறம் ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைவாகச் சுரந்தால் சோற்றைக் குறைத்தும் பெரிதாகப் பலன் தெரியாது. அதற்கு மாத்திரை வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் அழுத்தமும் இலவசமாகவே பார்க்கிறார்கள். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். வாசலுக்கு வருபவரை "அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிடாதீர்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைப் பாதியாக்கக் கூடாது. மருந்தின் அளவு அப்படியே இருந்து சாப்பாடு குறைந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் பருப்பு, முட்டையைக் கூட்டும் முன் கேட்க வேண்டும். ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளே எடையைக் கூட்டும். அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்தாமல், மருத்துவரிடம் கேளுங்கள்.

வயதானால் ஏன் கூடுகிறது

"நாற்பது தாண்டினால் உடம்பு எரிப்பது குறைந்துவிடும், ஒன்றும் செய்ய முடியாது" என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். 2021ல் சயன்ஸ் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் அளவுகளை வைத்துப் பார்த்ததில், உடலின் அளவுக்கும் தசைக்கும் ஏற்பக் கணக்கிட்டால் 20 வயது முதல் 60 வயது வரை உடல் செலவிடும் ஆற்றல் ஏறக்குறைய மாறாமலே இருக்கிறது. அப்படியானால் மாறுவது வேறு. முப்பதுக்குப் பிறகு தசை பத்தாண்டுக்குச் சில விழுக்காடு கரைகிறது, நடமாட்டம் குறைகிறது, தூக்கம் கெடுகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு குறைவதால், முன்பு தொடையில் சேர்ந்துவந்த கொழுப்பு இப்போது வயிற்றில் சேரத் தொடங்குகிறது. இவற்றில் பாதிக்கு மேல் நம் கையில் இருப்பவை. எனக்குத் தெம்பு கொடுத்தது இந்தச் செய்திதான்.

முதல் இரண்டு வாரம்: எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

பள்ளிப் பிள்ளைகளின் மிச்ச நோட்டு ஒன்றை அடுப்படியில் வையுங்கள். வாயில் போன ஒவ்வொன்றையும், நேரத்தையும், அப்போது பசித்ததா இல்லையா என்பதையும் எழுதுங்கள். சமைக்கும்போது உப்பு பார்த்தது, பேரன் தட்டில் மிச்சம் வைத்த அரை தோசை, கோயில் தொன்னைச் சர்க்கரைப் பொங்கல், கடைக்காரர் கொடுத்த டீ, எல்லாம்.

என் நோட்டில் முதல் வாரமே தெரிந்துவிட்டது. சாப்பாட்டு வேளையில் நான் சாப்பிடுவதைவிட, வேளை அல்லாத வேளையில் போவது அதிகம். "வீணாகக் கூடாதே" என்று பாத்திரம் கழுவும் முன் வழித்துச் சாப்பிட்டது மட்டும் வாரத்தில் ஒன்பது தடவை. நம் வீட்டுப் பெண்கள் பலரின் எடை இந்த வழித்த பாத்திரத்தில்தான் இருக்கிறது. சோற்றை எறிவது பாவம் என்று வளர்ந்தவர்கள் நாம். அதற்கு வழி, அளந்து வடிப்பதும், மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைப்பதும். நம் வயிறு குப்பைத்தொட்டி ஆக வேண்டியதில்லை.

எழுதும்போது பசியைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். வயிற்றுப் பசி மெதுவாக ஏறும், வயிறு இரையும், எது கிடைத்தாலும் சரி என்று இருக்கும். வாய்ப்பசி திடீரென்று வரும். அதற்கு முறுக்குதான் வேண்டும், பஜ்ஜிதான் வேண்டும். நான் எனக்கே வைத்துக்கொண்ட கேள்வி: "இப்போது ஒரு கிண்ணம் கீரைக்கூட்டு வைத்தால் சாப்பிடுவேனா?" சாப்பிடுவேன் என்றால் அது பசி, சாப்பிட்டுவிட வேண்டியதுதான். வேண்டாம் என்று மனசு சொன்னால் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, வாசலில் காய்கிற துணியை எடுத்து மடித்து வைப்பேன். கால் மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

நிஜமான பசியை அடக்காதீர்கள். காலையும் மதியமும் பட்டினி போட்டவர் ராத்திரி இரண்டு பேர் சாப்பாடு சாப்பிடுவார். கிரெலின் என்ற பசிச் சுரப்பு வயிறு காலியாக இருக்க இருக்கக் கூடுகிறது. அதோடு மல்லுக்கு நின்று ஜெயிக்க முடியாது. நேரத்துக்குச் சரியானதைக் கொடுத்து அதைச் சமாதானப்படுத்தத்தான் முடியும்.

மதியச் சாப்பாடு

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கத்துச் சாப்பாட்டில் ஒரு முறை உண்டு. குழம்புக்குச் சோறு, ரசத்துக்குச் சோறு, மோருக்குச் சோறு. ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சோறு விழும். கூட்டும் பொரியலும் தொட்டுக்கொள்ள மட்டும், இலை ஓரத்தில் ஒரு கரண்டி. எங்கள் எடைக்குக் காரணம் எந்தப் பதார்த்தமும் இல்லை, இந்த மூன்று தடவைதான் என்று எனக்குப் புரிந்தது வெகுநாள் கழித்துத்தான். வீட்டு ஆழாக்கில் அரிசியை அளந்து தராசில் வைத்தேன். 140 கிராம் இருந்தது. அரிசி 100 கிராமுக்குச் சுமார் 350 கலோரி, ஆக ஓர் ஆழாக்கு 490. மதியத்துக்கு மட்டும் நான் ஒன்றேகால் ஆழாக்குச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மாற்றியது இப்படி. அரிசியை ஓர் ஆளுக்கு அரை ஆழாக்கு என்று அளந்து வடிக்கிறேன். (வயல் வேலை, கட்டட வேலை செய்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்களுக்குச் சோறு வேண்டும்.) தட்டில் முதலில் சோறு விழக்கூடாது. ஒரு பெரிய கிண்ணம் கூட்டு அல்லது பொரியல், அதைச் சும்மாவே சாப்பிட வேண்டும். புடலங்காய்க் கூட்டு, வாழைத்தண்டு மோர்க்கூட்டு, முருங்கைக்கீரை, பூசணி, வாழைப்பூ, எதுவானாலும். அது பாதி இறங்கிய பிறகு சோறு. காயும் பருப்பும் முன்னால் போய், மாவுச்சத்து பின்னால் போனால் சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகமும் குறைகிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்ட இருபது நிமிடம் போல ஆகும். கூட்டைச் சாப்பிடும் நேரம் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

சோறு ஒரே தடவைதான் போடுவது. அதைக் குழம்புக்கும் கொஞ்சம் ரசத்துக்கும் பிரித்துக்கொள்ளலாம். அல்லது குழம்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடிக்கலாம். மோரைக் கண்டிப்பாக டம்ளரில்தான். எங்கள் வீட்டுக்காரருக்கு மோர்ச்சோறு இல்லாமல் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. "மோரைக் குடிச்சா வயிறு ஒப்புமா?" என்று இரண்டு மாதம் முணுமுணுத்தார். அவருக்கு மூன்று கவளம் சோறு மோருக்கென்று தனியே எடுத்துவைத்தேன். குழம்புச் சோற்றிலிருந்து எடுத்துத்தான். இப்போது அந்த மூன்று கவளத்தில் திருப்தி வந்துவிட்டது. உங்கள் வீட்டில் எந்தச் சோறு விட முடியாததோ, அதை விட்டுவிட்டு மற்றதில் கை வையுங்கள்.

காய் சும்மா சாப்பிடக் கசக்கிறது என்பவர்களுக்குப் பருப்பு உசிலி. கொத்தவரங்காய், பீன்ஸ், வாழைப்பூ எதில் வேண்டுமானாலும் செய்யலாம். துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் அரைத்து, எண்ணெயில் புரட்டாமல் இட்லித் தட்டில் ஆவியில் வேகவைத்து உதிர்த்துக்கொண்டால் எண்ணெய் இரண்டு ஸ்பூனில் முடிந்துவிடும். காயும் புரதமும் ஒரே கிண்ணத்தில். எடை குறைக்க நினைப்பவர்களுக்காகவே நம் ஊரில் யாரோ கண்டுபிடித்த மாதிரி இருக்கிறது. வத்தக்குழம்பு நாளில் மட்டும் கவனம். அது நல்லெண்ணெயையும் இழுக்கும், சோற்றையும் இழுக்கும். கூடவே பருப்புத் துவையலும் கீரையும் இல்லாமல் அதை வைப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

பாரம்பரிய அரிசியைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் அலைந்து திரிந்து சேர்த்துப் பரப்பிய விதைகளால் மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் பூங்காரும் இன்று நம் வீட்டுக்கு வந்திருக்கின்றன. அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். தவிடு நீக்காத அந்த அரிசியில் நார் அதிகம், மென்று சாப்பிட வேண்டியிருக்கிறது, பசி தாங்குகிறது. ஆனாலும் அதுவும் அரிசிதான். கலோரிக் கணக்கில் பொன்னிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அரை ஆழாக்கு என்றால் அதற்கும் அரை ஆழாக்குத்தான்.

காலையில் புரதம்

60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 50 கிராம் புரதம் தேவை. இட்லி, தேங்காய்ச் சட்னி, காபி என்று தொடங்கும் நாளில் அதில் பத்துக் கிராம் கிடைப்பதே பெரிது. அதனால்தான் பதினொரு மணிக்கு வயிறு கிள்ளுகிறது. ஆறு இட்லியை மூன்றாக்கி, சட்னிக்குப் பதில் பருப்பு நிறையப் போட்ட சாம்பார் ஒரு பெரிய கிண்ணம் வையுங்கள். கும்பகோணத்துக் கடப்பா பாசிப்பருப்பில் செய்வது; உருளைக்கிழங்கையும் தேங்காயையும் குறைத்துப் பருப்பைக் கூட்டினால் அதுவே அருமையான காலைச் சாப்பாடு. முட்டை சாப்பிடுபவர்களுக்கு வேலை சுலபம், ஒன்றில் 6 கிராம். அடை, முளைகட்டிய பயறு, ஐம்பது கிராம் கொண்டைக்கடலை ஊறவைத்துச் செய்த சுண்டல் என்று மாற்றி மாற்றி வைக்கலாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக்காரர்களுக்கு மத்தியும் நெத்திலியும் மலிவாகக் கிடைக்கும்போது வேறு என்ன வேண்டும். குழம்பில் போடுங்கள், பொரிக்க வேண்டாம்.

பழைய சோற்றை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோடையில் ஒரு கிண்ணம், மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்து. அன்றைக்கு மதியச் சோற்றில் ஒரு கரண்டி குறையும், அவ்வளவுதான்.

காபியும் நாலு மணியும்

டிகிரி காபி ஊரில் இருந்துகொண்டு காபியை விடு என்று சொல்ல மாட்டேன். கணக்கு மட்டும் பாருங்கள். ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நாளைக்கு நாலு காபி, ஆக 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. காபியிலேயே அதைத் தாண்டிவிட்டோம். நாட்டுச் சர்க்கரையோ கருப்பட்டியோ போட்டாலும் உடம்புக்குக் கணக்கு ஒன்றுதான். வாரத்துக்கு அரை ஸ்பூன் குறையுங்கள். ஐந்தாவது வாரம் பழைய அளவில் யாராவது கொடுத்தால் பாயசம் போல இருக்கும். நாலை இரண்டாக்கி, மூன்று மணிக்கு மேல் காபி இல்லை என்று வைத்துக்கொண்டால் தூக்கமும் நன்றாக வரும்.

நாலு மணி வாய்ப்பசிக்கு முன்கூட்டியே ஏதாவது தயாராக இருக்க வேண்டும். ஒன்றும் இல்லாதபோதுதான் முறுக்கு டின்னைத் திறக்கிறோம், அல்லது கடைத்தெருவிலிருந்து பஜ்ஜி வருகிறது. ஒரு கைப்பிடி வேகவைத்த கடலை, கொய்யா, வெள்ளரி, சுண்டல், மோர். டின்னை மேல் பரணில் ஏற்றுங்கள். இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஸ்டூல் போட்டு ஏறி எடுக்கும் அளவுக்குப் பசி எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

எண்ணெயைச் சமைக்கும்போது அளந்து மாளாது. மாதத்துக்கு அளந்து வாங்குங்கள். ஓர் ஆளுக்கு அரை லிட்டர், எல்லா எண்ணெயும் சேர்த்து. தீர்ந்தால் அடுத்த மாதம்தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ராத்திரி

"ராத்திரி டிபன்தான், சோறெல்லாம் விட்டாச்சு" என்பார்கள். நாலு தோசை, எண்ணெய் விட்டு, தேங்காய்ச் சட்னியோடு என்றால் ஒரு தட்டு ரசச் சோற்றைவிட அது அதிகம். தோசை, இட்லி, இடியாப்பம், சோறு எல்லாம் ஒரே அரிசி. இரண்டு தோசை, பெரிய கிண்ணம் காய் அல்லது பருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழரைக்குள் முடித்தால் நல்லது. தொலைக்காட்சி முன் உட்கார்ந்து சாப்பிட்டால் அளவு தெரியாது.

தூக்கம் ஐந்து மணி நேரமாகச் சுருங்கினால் மறுநாள் பசி கூடும், அதுவும் இனிப்பும் எண்ணெயுமாகக் கேட்கும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் நடு ராத்திரி வியர்த்து விழிப்பு வருபவர்கள், சத்தமாகக் குறட்டை விட்டுப் பகலில் தூங்கி வழிபவர்கள், இதைப் பொறுத்துக்கொண்டு போகாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது.

நடையும் தசையும்

வாரத்துக்கு 150 நிமிட நடை. சாப்பிட்ட பின் பத்து, பதினைந்து நிமிடம் என்று பிரித்தால் சுலபமாகச் சேர்ந்துவிடும். சர்க்கரைக்கும் அதுவே நல்லது. நமக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. அரசலாற்றுக் கரை, குடமுருட்டிக் கரை, மகாமகக் குளத்தைச் சுற்றி, மன்னார்குடி ஹரித்ராநதியைச் சுற்றி. திருவாரூர்க்காரர்கள் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று பெருமையாகச் சொல்வார்கள் (வேலி என்பது பழைய நில அளவு). அந்தக் கமலாலயத்தை ஒருமுறை சுற்றினாலே ஒரு கிலோமீட்டருக்கு மேல். சித்திரை, வைகாசியில் காலை ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுத் தாழ்வாரத்திலேயே நடக்கலாம்.

நடை மட்டும் போதாது என்பதைத் தாமதமாகத்தான் கற்றேன். சாப்பாட்டைக் குறைத்து எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் இறங்கும். தசை போனால் பிற்காலத்தில் தடுக்கி விழுவோம், எடையும் திரும்ப ஏறும். வாரத்தில் இரண்டு, மூன்று நாள் இதைச் செய்யுங்கள்: கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது பத்து முறை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்து முறை, தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில் இரண்டைத் தோளுக்கு மேல் தூக்குவது பத்து முறை. கொஞ்சம் இளைப்பாறிவிட்டு இன்னொரு சுற்று. முட்டிவலிக்காரர்கள் உயரமான நாற்காலியில் தொடங்கலாம். நான் தொடங்கிய நாளில் நாலு முறைக்கு மேல் எழ முடியவில்லை.

கல்யாணமும் பண்டிகையும்

தை, வைகாசி, ஆவணியில் வாரம் இரண்டு பத்திரிகை வரும். போகாமல் இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். கிளம்பும் முன் ஒரு டம்ளர் மோரும் கொஞ்சம் சுண்டலும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இலையில் கூட்டு, பொரியல், பச்சடி விழுந்ததும் முதலில் அதை முடியுங்கள். இனிப்பில் எது உண்மையிலேயே பிடிக்குமோ அதை ஒன்று மட்டும். திருவையாற்று அசோகா பாசிப்பருப்பில் செய்ததுதானே என்று இரண்டு தடவை வாங்கிக்கொள்ளாதீர்கள். பருப்பைவிடச் சர்க்கரையும் நெய்யும்தான் அதில் அதிகம்.

பரிமாறும் பிள்ளைகள் அன்னவாளியோடு வரும்போது கையை இலைக்கு மேல் நீட்டி, "போதும் தம்பி, ரசம் மட்டும் டம்ளர்ல குடுங்க" என்று சொல்லிவிடுவேன். "என்னக்கா, சாப்பாடு பிடிக்கலையா?" என்று கல்யாண வீட்டார் வந்து நின்றால், "கூட்டு ரொம்ப நல்லா இருக்கு, அதைக் கொஞ்சம் வைக்கச் சொல்லுங்க" என்பேன். அவர்களுக்கும் மனக்குறை இருக்காது.

ஆடிப்பெருக்கு அன்று படித்துறையில் புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், சர்க்கரைப் பொங்கல், தயிர்ச்சாதம் எல்லாம் சோறுதான். அன்றைக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். சந்தோஷமாகச் சாப்பிடுங்கள், ராத்திரி ரசமும் காயும் போதும். மிச்சத்தை மறுநாளுக்குச் சேர்த்து வைக்காமல் கொடுத்துவிடுங்கள். ஏகாதசி இருப்பவர்கள் பட்டினி முடிந்ததும் பலகாரத்தில் இறங்காமல் இருந்தால் போதும். நாகூர், கூத்தாநல்லூர்ப் பக்கம் நோன்புக் கஞ்சியே வயிற்றை நன்றாக நிரப்பும். கூட வரும் சமோசாவும் வடையும்தான் பார்க்க வேண்டியவை.

எடை பார்ப்பதும், எடை நிற்பதும்

வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் வெறும் வயிற்றில். தினமும் ஏறி நின்றால் உப்பும் தண்ணீரும் காட்டும் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து மனசு விட்டுப்போகும். வாரம் அரைக் கிலோவுக்கு மேல் இறங்க வேண்டியதில்லை. முதல் இலக்காக இப்போதிருக்கும் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு வையுங்கள். 74 கிலோவுக்கு மூன்றே முக்கால் கிலோதான். அது குறைந்தாலே சர்க்கரையிலும் அழுத்தத்திலும் மாற்றம் தெரியத் தொடங்கும். மாதம் ஒருமுறை நாடாவும் வையுங்கள். எடை நகராத மாதத்திலும் இடுப்பளவு குறைந்திருக்கலாம்.

சாப்பாட்டுக்குப் பதில் கரைத்துக் குடிக்கும் பொடி ஒன்றைத் தெரிந்தவர் ஒருவர் பேச்சைக் கேட்டு நானும் வாங்கினேன். இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ இறங்கியது. நிறுத்திய நாலு மாதத்தில் ஏழு கிலோ ஏறியது, முடியும் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பணம் போனதைவிட, "என்னால் முடியாது" என்று நான் நம்பத் தொடங்கியதுதான் பெரிய நஷ்டம். உங்களுக்கு அது நேரக்கூடாது. 2025 முதல் டிர்செபடைட், செமாகுளுடைட் போன்ற எடைக்குறைப்பு ஊசிகள் நம் நாட்டிலும் வந்திருக்கின்றன. எடையால் நோய் முற்றியவர்களுக்கு அவை உண்மையில் உதவுகின்றன. மருத்துவர் பார்த்து எழுதிக்கொடுத்தால் தயங்க வேண்டாம்; தெரிந்தவர் மூலம் வாங்கிப் போட்டுக்கொள்ளவே கூடாது. எதுவும் செய்யாமலே எடை இறங்கினாலும், தாகமும் அசதியும் கூடினாலும், அதைப் பார்த்து மகிழாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

ஐந்தாறு மாதத்தில் எடை ஓரிடத்தில் நின்றுவிடும். எல்லாருக்கும் நிற்கும். எனக்கு 69ல் பதினொரு வாரம் நின்றது. அப்போது சோற்றை இன்னும் குறைக்காதீர்கள். பழைய நோட்டை எடுத்து ஒரு வாரம் மறுபடி எழுதுங்கள். நான் எழுதிப் பார்த்ததில் மூன்றாவது காபி திரும்ப வந்திருந்தது. அரிசியை அளக்கும்போது அரை ஆழாக்குக்கு மேல் கை தானாகக் குவித்துப் போட்டுக்கொண்டிருந்தது. மறுநாளிலிருந்து அரை ஆழாக்கைத் தலைதட்டி அளந்தேன். மூன்றாவது வாரம் முள் 68க்கு வந்தது.